ஆர்யன், பாந்த்ரா, பதினெட்டு

ஆர்யனுக்கு முகம் கொடுத்தது சுயம்பு,
ஏதோ ஒரு ஜிம் விளம்பரத்திலிருந்து வெட்டி.
வீடு கொடுத்தது தனிஸ்லாஸ்:
பாந்த்ரா, ஜன்னலைத் திறந்தால் கடல்.
வயது பதினெட்டு என்று போட்டது நான்.
எனக்குப் பதினைந்து.
இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்பதால்
பேசும் வேலையும் என்னிடமே வந்தது.

வகுப்பில் யாரோடும் பேசாத பிரிஸ்கா
ஆர்யனுக்கு 'ஹாய்' சொன்ன அன்று
தொண்ணூறடி ரோட்டில் வடாபாவ் வாங்கிக் கொண்டாடினோம்.
ஒரு வாரத்தில் அவர்கள் இருவரும் மறந்துபோனார்கள்.

கீழே தையல் மெஷின்கள் ஓய்ந்த பிறகு
இரும்பேணியின் நடுப்படியில் உட்கார்ந்து
தினமும் நான் ஆர்யன் ஆனேன்.
அவள் சொன்னாள்,
அப்பாவின் இரண்டாவது சிம் கார்டைப் பற்றி,
கக்கூஸ் வரிசையில் ஒட்டி நிற்கும் ஆளைப் பற்றி,
பல்வரிசை பிடிக்காமல்
வாயை மூடிச் சிரிக்கப் பழகியதைப் பற்றி.
'என் கிளாசில் எல்லாம் மரக்கட்டைகள்' என்றாள் ஒருநாள்.
மறுநாள், இரண்டு பெஞ்சு பின்னால்,
அவள் பின்னலின் ரப்பர் பேண்டையே
பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மரக்கட்டை.

ஆர்யன் ஒருமுறை போட்டோ கேட்டான்.
இல்லை, நான்தான் கேட்டேன்.
பல் தெரியச் சிரிக்கும் படம் வந்தது.
சுயம்புவிடம் காட்டவில்லை.
காட்ட ஒரு கட்டைவிரல் போதும்.

பிறகு அவளே சொன்னாள்.
தாதர். பூ மார்க்கெட் பக்கத்துப் பாலம். சனிக்கிழமை நாலரை.
'முடியாது' என்று அடித்தேன், அழித்தேன்.
'வரேன்' என்று போய்விட்டது.

பாலத்தின் மறுகோடியில் நின்றேன்.
அவள் காலில் அக்காவின் செருப்பு, அரை அங்குலம் பெரிது.
ஒவ்வொரு ஃபாஸ்ட் லோக்கலும் கூட்டத்தைக் கொட்ட
ஒவ்வொரு முகத்திலும்
இல்லாத ஒருவனைத் தேடினாள்.
என் பாக்கெட்டில் போன் துடித்தது. எடுக்கவில்லை.
ஐந்து. ஐந்தேகால்.

சட்டையை உள்ளே விட்ட ஒருத்தன், முப்பது இருக்கும்,
இரண்டு முறை அவளைக் கடந்து போனான்.
மூன்றாம் முறை நின்று
என்னவோ கேட்டான்.
அவள் நிமிர்ந்தாள். பல் தெரிய,
'ஆர்யன்?'
எனக்குக் கேட்கவில்லை, உதடு தெரிந்தது.

அவன் யோசிக்கவே இல்லை.
ஆமாம் என்று தலையாட்டினான்.

மொத்த மும்பையும் எதிரில் வந்தது.
முழங்கைகள், மீன்கூடை,
யாரோ மராத்தியில் என் அம்மாவை இழுத்தார்கள்.
பிரிஸ்கா, பிரிஸ்கா என்று கத்திக்கொண்டே ஓடினேன்.
வருஷம் முழுக்க ஒரே வகுப்பில் இருந்தும்
அந்தப் பெயரை ஒருதடவையும் நான்
சத்தமாகச் சொன்னதில்லை.

போய்ச் சேர்ந்தபோது அந்த ஆள் இல்லை.
மூச்சிரைக்க நின்ற என்னைப் பார்த்தாள்.
என் கையில் எப்போது வந்ததோ போன்,
அது இன்னும் எரிந்துகொண்டிருந்தது:
'நீ எங்கே?'

தான் எழுதியதைத் தானே படித்தாள்.
வாயை மூடிக்கொண்டாள்.