முப்பதுக்கும் முந்நூறுக்கும் நடுவே

புதன்கிழமை செய்முறை வகுப்பு.
ஆட்டோகிளேவ் பழுதாகி இரண்டு பருவம் ஆகிறது.
வீட்டிலிருந்து தூக்கிவந்த ஐந்து லிட்டர் குக்கரில்
அகார் வேகிறது.
விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தைப் பாருங்கள் என்கிறேன்.
எண்ணுகிறார்கள்.

திங்களன்று பாகூர் ஏரிக்குப் போனோம்.
கறுப்பு வெள்ளை வட்டைக் கயிற்றில் இறக்கி
கண்ணுக்கு அது மறையும் இடத்தில்
"அறுபத்திரண்டு சென்டிமீட்டர்!" என்று வைத்திலிங்கம் கத்த,
மதகடியில் துணி அலசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து
"போன மாசம் என் மூக்குத்தி விழுந்துச்சு,
அது தெரியுதா பாருங்க" என்றார்.
குறிப்பேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
அமலோற்பவி ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதிரிகள்.
ஏரி.
நிஷாந்தி கொண்டுவந்த அரியாங்குப்பத்து வீட்டுக் கிணறு.
இன்னொன்று, சும்மா ஒப்பிட,
தாழ்வாரத்தில் நன்கொடையாளர் பெயர் பொறித்து நிற்கும்
வடிகட்டியில் நானே பிடித்தது.

ஏரியை ஆயிரம் மடங்கு நீர்த்திருந்தோம்: நாற்பத்தேழு.
கிணறு: எட்டு. முப்பதுக்குக் கீழே, கணக்கில் வராது.
மூன்றாம் தட்டின் மூடியைத் தூக்கியதும்
பெஞ்சில் பேச்சு நின்றது.

தட்டு முழுக்கப் பொன்வண்டின் முதுகு.
தீப்பெட்டிக்குள் போட்டுப் பள்ளிக்குக் கொண்டுபோவோமே,
அந்தப் பச்சை, அந்த மினுக்கு.
அழகாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.
பதினோரு வருடமாக அந்தத் தண்ணீரில்தான்
மத்தியான மாத்திரையை விழுங்குகிறேன்.

முந்நூறைத் தாண்டினால் எண்ணக் கூடாது.
'எண்ண இயலாதவை' என்று எழுத வேண்டும்.
இரண்டு மதிப்பெண் கேள்வி.

துறைத்தலைவர் வந்தார். தட்டைத் தொடவில்லை.
"அடுத்த வாரம் குழு வருது மேடம்.
மாதிரி கெட்டுப்போச்சுன்னு போட்டுடுங்க.
உங்க கையிலேயே ஒட்டியிருக்கலாம்."

இருக்கலாம்.
இந்தச் சந்தேகத்துக்காகத்தான் ஒரு தட்டை வெறுமனே வைப்போம்.
யாரும் எதையும் ஊற்றாத தட்டு.
ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு புள்ளி இல்லை.
என் கைக்கு இப்படி ஒரு சாட்சி
இதுவரை வாய்த்ததில்லை.

வாரத்துக்குப் பதினாறு மணி எனக்கு,
மணிக்கு இவ்வளவு என்று.
ஏப்ரலோடு முடியும்.
ஜூனில் கூப்பிட்டால் உண்டு.
பதினாறும் முப்பதுக்குக் கீழேதான்.

அதற்குள் அமலோற்பவி
மூன்றாம் கட்டத்தை மையால் நிரப்பிவிட்டாள்.
மற்ற எல்லாம் பென்சிலில் இருக்கிறது.
"மிஸ், கையெழுத்து."
பேனா மேசையில்தான் கிடந்தது,
தேடுவதுபோல் கொஞ்சநேரம் தேடினேன்.
பிறகு போட்டேன், தேதியோடு.

மணி அடித்தது.
தாழ்வாரத்தில் வைத்திலிங்கம்
பழக்கத்தில் புட்டியைப் பாதி நிரப்பிவிட்டு
சட்டென்று நினைவு வந்து
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.
நான் சொல்லித்தந்த மாதிரியே,
ஒரு கண்ணை மூடி.
வட்டை இறக்கினால் அடிவரைக்கும் மறையாது.

"தெளிவாத்தானே மிஸ் இருக்கு?"