ஆமா

ரிசப்ஷனில் இருந்தவன்
ஞானசிகாமணி என்று படிக்க முயன்று
பாதியில் களைத்து
"ஜினானா" என்றான்.
எழுந்து போனேன்.
பதினேழு வருடமாக சொஹாரில்
அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் எழுந்திருக்கிறேன்.

காலுறையைக் கழற்றச் சொன்னாள் நர்ஸ்.
கழற்றிய பின்னும் போட்டிருப்பது போலவே இருந்தது.
அதைச் சொல்லவில்லை.

கண்ணை மூடுங்க,
தொட்டது தெரிஞ்சா ஆமான்னு சொல்லுங்க.
அவள் கையில் ஒரு துண்டு நைலான் இழை,
தூண்டிலில் கட்டுவோமே, அது.
குளச்சலில் அதற்கும் நரம்பு என்றுதான் பெயர்.

முதல் தொடல் தெரிந்தது. ஆமா.
இரண்டாவதும் தெரிந்த மாதிரி இருந்தது. ஆமா.
அப்புறம் எதுவும் வரவில்லை.
ஆனால் ஒவ்வொரு முறையும்
அவள் ரப்பர் கையுறை மெல்லக் கிறீச்சிட்டது.
கிறீச். ஆமா.
கிறீச். ஆமா.
சத்தத்தை வைத்தே
எந்த கியரில் பஸ் போகிறது என்று சொல்பவனுக்கு
இதெல்லாம் ஒரு பரீட்சையா.

ஆமா சொல்லிப் பழகிய வாய் இது.
சாப்பிட்டாச்சா. ஆமா.
மாத்திரை? ஆமா.
ராத்திரி தூங்குனீங்களா? ஆமா.
வீடியோவில் ரோஸ்லெட் பார்ப்பது முகத்தை மட்டும்.
கீழே, போர்வைக்கு வெளியே,
ஏசிக்கு நேராக நீட்டிக் கிடக்கும் கால்களை
நான் காட்டியதில்லை.
போர்வை பட்டால் எரிகிறது.

அதே கால்தான்
ஒரு நாள் முழுக்க ஷூவுக்குள் ஒரு நட்டுடன் நடந்தது.
எட்டு எம்.எம். நட்டு.
இரவு கழற்றியபோது டைல்ஸில் விழுந்து உருண்டது.
உள்ளங்காலில் அறுகோணமாக
ஒரு முத்திரை.
ஜன்னல் ஓரம் எடுத்து வைத்தேன்,
யாருடையதோ போல.

அதிகாலை நாலு மணிக்கு கேம்ப் வாசலில்
சீனி குறைச்சுப் போடு என்பேன்.
கரக் ஊற்றுபவன் சிரிப்பான்:
டின் பாலுக்குள்ளேயே இருக்கே சேட்டா.
அதுவும் சரிதான் என்று இரண்டாவது கப் வாங்குவேன்.

"இப்போ?"
கிறீச்.
ஆமா.

"நான் தொடவே இல்ல."

கண்ணைத் திறந்தேன்.
அவளுடைய இரண்டு கைகளும்
அவள் மடியில் இருந்தன.

கோபப்படவில்லை. என்ன வேலை என்றாள்.
பொய் சொல்ல ஒரு நொடி கிடைத்தது.
போன வியாழக்கிழமையும் ஒரு நொடி கிடைத்தது,
போர்ட் ரவுண்டானாவில்.
மிதித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
குனிந்து பார்த்துத்தான் தெரிந்தது
கால் பிரேக்கில் இல்லை.
அப்புறம் மிதித்த மிதியில்
முன் சீட்டில் தூங்கிய நேபாளிப் பையன்
கம்பியில் நெற்றி இடித்து விழித்தான்.
ஒண்ணுமில்ல பாய் என்றான்,
அவன்தான் தப்பு செய்தது போல.

டிரைவர் என்றேன்.
எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

மூன்று மாத சராசரி ஒன்பது புள்ளி எட்டு.
ஆரம்பம்தான், என்றாள்,
சுகரை இறக்கினால்
இங்கேயே நிறுத்தப் பார்க்கலாம்.
போனது திரும்பி வருமா என்று கேட்டேன்.
அவள் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

இப்போது டூல் ஸ்டோரில் இருக்கிறேன்.
நாற்பது ரியால் குறைவு.
ரோஸ்லெட்டிடம் நாற்பதைச் சொன்னேன்,
கால்களையும் காட்டினேன்.
வெகுநேரம் அவள் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

காலையில் விரல் நுனியில் ஊசி குத்துகிறேன்.
வலிக்கிறது.
இருநூற்று எண்பதுக்கும் நூற்று அறுபதுக்கும் நடுவே
எண் ஏறி இறங்குகிறது,
வலி மட்டும் மாறாமல்.
அது போகட்டும் என்று எப்போதோ வேண்டியிருக்கிறேன்.
இனி மாட்டேன்.

என் பஸ்ஸை இப்போது பெஷாவர்க்காரன் ஓட்டுகிறான்.
மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம் எனக்கு.
ஃபலஜ் திருப்பத்தில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே வர
அவன் பிரேக் அடித்தான்.
ஐம்பது தலைகள் முன்னால் போய்த் திரும்பின.

குனிந்து பார்த்தேன்.
என் வலது கால்
தரைத் தகட்டை
முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.