எந்தப் படகை வைத்துக்கொள்ள?

கதான்ஸ்க். பழைய கப்பல் பட்டறையின் உணவுக்கூடம்தான்
எங்கள் அலுவலகம். நவம்பரில்
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
நீள மேசை முழுக்கத் திரைகள்:
இரண்டு தொலைக்காட்சி, நான்கு கைபேசி,
மூலை உடைந்த டேப்லெட் ஒன்று,
மீதியை எண்ணுவதை தோப்ரோமிர் விட்டுவிட்டான்.

விளையாட்டு எளிது. நிதி கேட்டபோது அப்படித்தான் எழுதினோம்.
தொலைக்காட்சியில் ஓர் ஆறு, ஒரு படகு.
கைபேசிதான் விளக்கு.
விளக்கு வைத்திருப்பவருக்குத் துடுப்பு இல்லை.
துடுப்பு பிடித்தவருக்குப் பாறை தெரியாது.
ஒருவர் "இடப்பக்கம்!" என்று கத்த வேண்டும்,
மற்றவர் நம்ப வேண்டும்.
அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதானுக்குள்
நூற்றைம்பது மில்லிநொடி ஒளிந்திருந்தது.
கத்தல் காதில் விழுந்த பிறகும்
வெளிச்சம் வழியிலேயே இருக்கும்.
பாறை மட்டும்
எல்லாக் கருவியிலும் சரியான நேரத்துக்கு வந்து நிற்கும்.

டேப்லெட்டின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடியது.
புறப்படுமுன்பே கரைசேர்ந்த படகை
செவ்வாய் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"என் முன்னாள் கணவனும் இப்படித்தான்," என்றாள் யாத்விகா,
"கிளம்புவதற்கு முன்பே வந்துவிட்டேன் என்பான்."
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றால்கூடப் பரவாயில்லை,
எங்களுக்கு நான்கு கால்,
நான்கும் வேறு வேறு தளம்.

பிறகு, முப்பத்தொன்றாம் வீடு.
சோதனைக்கு ஒப்புக்கொண்ட நாற்பது வீடுகளில்
அது மட்டும் தினமும் முறிந்தது.
மாலை 4.10: தொலைக்காட்சி. துடுப்பு.
இரவு 1.52: கைபேசி, இணைப்பு இல்லாமல். விளக்கு.
இரண்டும் பிணையத்தில் சந்தித்ததும்
நான் எழுதிய சாளரம் திறக்கும்:
'இரண்டு படகுகள் உள்ளன. எதை வைத்துக்கொள்ள?'
ஒன்றைத் தொட்டால் மற்றது அழியும்.
பதினெட்டு நாளாக அவர்கள் தொட்டது
கீழே சின்னதாக இருக்கும்
'பிறகு.'

சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுத் தொலைபேசினேன்.
உர்சுலா எடுத்தாள். டிராம் ஓட்டுபவள்.
கடைசி நிறுத்தத்தில் வண்டி ஒன்பது நிமிடம் நிற்குமாம்,
சிக்னல் எட்டாத இடம்.
அங்கே உட்கார்ந்து விளக்கோடு ஆற்றில் முன்னே போய்
பாறை பாறையாகக் காட்டி வைப்பாளாம்.
க்னியெவ்கோ பள்ளி முடிந்து வரும்போது அவள் வண்டியில்,
அவள் சாவி போடும்போது அவன் தூக்கத்தில்.

"ஒன்றாக விளையாட வேண்டிய விளையாட்டு இது," என்றேன்,
என் குரலே எனக்குக் கையேடுபோல் கேட்டது.
"ஒன்றாகத்தான் விளையாடுகிறோம்," என்றாள்.
"ஒரே நேரத்தில் இல்லை, அவ்வளவுதான்.
அவன் துழாவியதை அழிக்கவா என்கிறது உங்கள் பெட்டி.
நான் ஏற்றியதை அழிக்கவா என்கிறது.
என்ன சொல்வேன்? பிறகு என்கிறேன்."

அன்று தோப்ரோமிர் ஆறிப்போன பியெரோகியை
முள்கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தான், தின்னவில்லை.
"மூன்று வாரம் ஆகும். பிப்ரவரியில் வெளியீடு.
ஒரு வீட்டுக்காகவா?"
நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.
யாத்விகா எழுந்து போய்
கோட்டை மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றி உட்கார்ந்து,
தட்டத் தொடங்கினாள்.

சாளரத்தை எடுத்துவிட்டோம்.
இப்போது விளக்குப் பட்ட பாறை
ஒரு பகல் முழுக்கச் சிறிது மினுங்கும்.
துடுப்புப் போன தடம்
தண்ணீரில் மறுநாள்வரை கிடக்கும்.
தண்ணீர் அப்படி இருக்காது என்று
தோப்ரோமிர் இன்னும் சொல்கிறான். சரிதான்.
டேப்லெட்டும் இன்னும் ஏழு நிமிடம் முந்தித்தான்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு, பதிவேட்டில்
முப்பத்தொன்றாம் வீடு:
மாலை 6.03, தொலைக்காட்சி.
மாலை 6.03, கைபேசி.
நான்காம் நிமிடத்தில் பாறை.
மீண்டும் புறப்பாடு. பாறை.
மீண்டும். பாறை.
இருபத்துமூன்றுவரை எண்ணினேன்.
சிவப்புச் சீட்டு
என் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.