பச்சைமேல் ஒரு பழி

காளவாசல் சிக்னல் தாண்டி
எங்கள் ஓட்டல், மூன்றாம் மாடி பார்.
கண்ணாடி அலமாரிக்குள் பூட்டு போட்ட ஒரே பாட்டில்,
அப்சிந்த்.
அறுபத்தெட்டு சதவீதம் என்கிறது லேபிள்.
ஆசையாய் வரவழைத்த மேனேஜர் கோவைக்கு மாறிப் போனார்.
சாவி என்னிடம்.

விளக்கெண்ணெயில் கொஞ்சம் வேப்பிலை கரைத்த நிறம்.
சொட்டுச் சொட்டாய் ஐஸ்தண்ணீர் விட்டால்
அடியிலிருந்து புகையாய்ச் சுருண்டெழுந்து
முழுக்க வெள்ளையாகும்.
விருந்தினர்கள் போனைத் தூக்கிப் படமெடுப்பார்கள்.
எனக்கு அதில் ஆச்சரியமில்லை.
இங்கே வந்த முதல் இரண்டு வருடம் மாப் போட்டவன் நான்.
ஒரு மூடி டெட்டால், ஒரு வாளித் தண்ணீர்,
தினம் இருபத்திரண்டு அறை.
அதே வெள்ளை.

ஆளில்லாத இரவுகளில் போனில் படித்தேன்.
சுவிட்சர்லாந்துப் பள்ளத்தாக்கு ஒன்றில்
வயிற்றுக்கு மருந்தாய்ப் பிறந்ததாம்.
எட்டிக்காய்க்கே சித்தப்பன், அத்தனை கசப்பு.
சோம்புதான் தோளில் கைபோட்டு
மனுசர் நடுவே கூட்டிவந்தது.
அல்ஜீரியா போன பிரெஞ்சுச் சிப்பாய்கள்
காய்ச்சலுக்குப் பயந்து தண்ணீரில் கலந்தார்கள்.
காய்ச்சல் அங்கேயே நின்றுவிட்டது,
பழக்கம் கப்பலேறியது.
பிறகு ஒரு பூச்சி திராட்சைக்கொடிகளின் வேரைத் தின்றது.
ஒயின் விலை ஏற ஏற
கூலிக்காரனும் பச்சைக்கு இறங்கினான்.
மாலை ஐந்து மணிக்குப் பாரிஸ் தெருக்களில்
சோம்பு மணக்குமாம்.
அந்நேரம் இங்கேயும்தான் மணக்கும்,
மசால்வடைச் சட்டியில்.

மூடியை முதன்முதலாய்த் திறந்த அன்று
எனக்குப் பாரிஸ் வரவில்லை,
மாட்டுத்தாவணி வந்தது.
விடியாத நாலு மணி, ஈரச் சாக்கு,
கட்டுக் கட்டாய் மரிக்கொழுந்து.
இரண்டும் ஒரே குலமாம், பங்காளிகள்.
ஒருத்தி கொண்டைக்குப் போனாள்.
ஒருத்தி கோர்ட்டுக்கு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து.
திராட்சைத் தோட்டக் கூலி ஒருவன்.
விடிந்ததிலிருந்து லிட்டர் கணக்கில் ஒயின், மேலே பிராந்தி,
நடுவில் இரண்டே கிளாஸ் பச்சை.
அன்று சாயங்காலம்
வயிற்றுப்பிள்ளைக்காரி மனைவியைச் சுட்டான்,
இரண்டு மகள்களைச் சுட்டான்.
ஊர் கூடி
ஒயினைக் கேள்வி கேட்காமல் வீட்டுக்கு அனுப்பியது.
அதுதானே எல்லோர் வீட்டிலும் சோறு போடுவது.
பச்சைக்குத் தடை. தொண்ணூற்றைந்து வருடம்.

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

வில்லாபுரத்தில் என் அக்கா ரோஸ்லின்.
மச்சான் மண்டையை உடைத்த ராத்திரி
கட்டிலடியில் மூன்று குவார்ட்டர் காலியாய் உருண்டன.
அதை யாரும் எண்ணவில்லை.
வாசலில் குங்குமம் தடவிய எலுமிச்சை ஒன்று கிடந்தது,
அதைத் தெருவே எண்ணியது.
'எவனோ வச்சுவிட்டுட்டாய்ங்க.
இல்லாட்டி அவரு தங்கமான மனுசன்.'
அக்காவுக்கு ஏழு தையல்.
நானும்தான் அந்தப் பழத்தை
சாக்கடைக்குள் எத்தி உதைத்தேன்.

இந்தச் சனிக்கிழமை
நிலக்கோட்டைப் பூ ஏஜெண்ட் சந்தனத்துரை வந்தார்.
'அந்தப் பச்சையில ஏதாச்சும் போடு, சேவியர்.'
பிணமெழுப்பி என்று ஒன்று உண்டு.
ஜின், வெள்ளை ஒயின் வகை, ஆரஞ்சு மது, எலுமிச்சை,
நாலும் சம அளவு.
பச்சையைக் கிளாசில் ஊற்றிச் சுழற்றிக்
கீழே கொட்டிவிட வேண்டும்.
'கொட்டுறியா? காசு குடுக்குற சரக்கையா?'
'வாசனை மட்டும்தாண்ணே நிக்கணும்.'
முகர்ந்தார். பிறகு தன் விரல்களை முகர்ந்தார்.
'நம்ம மரிக்கொழுந்துல்ல இது!'
என்று கேட்டவர் ஏனோ
மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் அக்காவின் போன்.
'மச்சான் வந்திருக்காருடா. திருந்திட்டாராம்.
அத்தை வாசலுக்குக் கட்டணுங்குது.
வர்றப்ப எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா,
ரெண்டு போதும்.'

பலகைமேல் சரியாய் இரண்டு இருந்தன.
இரண்டையும் அறுத்துப் பிழிந்தேன்.
விதைகூட விடவில்லை.