கிழமேல் அறுபத்திரண்டு அடி

பாகப் பத்திரத்தில் எங்கள் காடு இப்படித்தான் இருக்கிறது:
கிழமேல் அறுபத்திரண்டு அடி,
தென்வடல் ஐந்நூற்றுப் பத்து.
பாவாடை நாடா மாதிரி ஒரு நிலம்.
இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால்
குண்டடம் ரோட்டைத் தொட்டிருக்கும்.

கோழிக் கொட்டகைக்கு நீளம்
கெழக்கு மேக்கா இருக்கோணுங்க்கா என்றான்
கம்பெனி சூப்பர்வைசர் பிரசாந்த்.
கூரையின் முதுகில் பொழுது நடக்கலாம்,
வயிற்றுக்குள் நுழையக் கூடாது.
அறுபத்திரண்டு அடிக்குள்
முந்நூறு அடியை எப்படிப் படுக்கப் போடுவது?
வாஸ்துக்காரர் வாசலை மட்டும் பார்த்தார்.
பேங்க்கில் கையெழுத்தை மட்டும்.
தெற்கு வடக்காகவே கட்டினோம்.

தையில் ஒரு குறையுமில்லை.
காலைப் பொழுது கம்பிவலையில் புகுந்து
மஞ்சித் தூள்மேல் கட்டம் கட்டமாய் விழும்.
குஞ்சுகள் ஆளுக்கொரு கட்டத்தில் படுத்துக்கொள்ளும்.

மேற்கே மச்சாண்டார் காடு.
கிளுவை வேலியோரம் பதினேழு வெள்வேல மரம்.
ஒன்பதாவது, போன ஆடிக் காற்றில் சாய்ந்தது.
அந்தச் சந்துதான்.

மாசியில் சாக்பீஸ் வாங்கினேன்.
ஐந்து மணிக்குச் சந்து வழியாக வரும் வெயிலைக்
கிழக்கு வரிசைத் தூணில் கோடு போட்டுப் பிடித்தேன்.
பொழுது வடக்கே போகப் போக
வெயில் தெற்கே வந்தது:
பதினேழாம் தூண், பதினாறு,
சித்திரைக் கடைசியில் பதினைந்து.
பள்ளிக்கூடத்தில் இதை யாரோ சொன்னார்கள்.
அப்போது எனக்குக் கோழி இல்லை.

சித்திரை ஐந்து வாக்கில்
உச்சியில் என் நிழல் செருப்புக்குள் போய்விட்டது.
ஒன்பதாம் தேதி நூற்றுப் பதினொன்று.
வெயில் கொன்றதைவிட
வெயிலுக்கு ஒதுங்கி, கிழக்குச் சுவரோரம்
ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் செத்ததுதான் அதிகம்.
ஈரச் சாக்குப் படுதா கட்டினோம்.
வெயில் நின்றது, கூடவே காற்றும் நின்றது.
அவிழ்த்தோம்.

அங்கே ஒரு மரம் வையுங்கள் என்று கேட்க
நாற்பது எட்டு நடந்தால் போதும்.
பத்திரம் எழுதிய நாளிலிருந்து பேச்சில்லை.
மச்சாண்டார் பெண்டாட்டி துளசிமணியும் நானும்
ஒரே மினி பஸ்ஸில்
வேறு வேறு ஜன்னல் பார்த்துப் போவோம்.

இந்த வருசம் பங்குனி பத்தில்
மூன்று டிராக்டர் சோளத்தட்டு அவர்களுக்கு வந்தது.
எப்போதும் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் போடும் போர்
இந்தத் தடவை அந்தச் சந்தில் எழும்பியது,
இரண்டு ஆள் உயரத்துக்கு.
மாடு இருப்பது ஒரு மூலை, தட்டு ஒரு மூலை.
அந்தியும் சந்தியும் கத்தை சுமந்து
இருநூறு எட்டு நடக்கிறாள்.

மேலேயிருந்து எடுக்கவில்லை.
தென்கோடியிலிருந்து உருவுகிறாள்.
நீளம் குறைகிறது, உயரம் குறையவில்லை.
"மழைக்கு நனையாம இருக்க
எல்லாரும் அப்பிடித்தான் உருவுவாங்க,"
என்றார் என் வீட்டுக்காரர்.
இருக்கலாம்.

பதினாறாம் தூணில்
போன வருசக் கோடு மட்டும் நிற்கிறது.
செத்தது முப்பத்தாறு, சித்திரை முழுக்க.
கம்பெனி கார்டில் எழுதியபோது
பிரசாந்த் இரண்டு தடவை எண்ணச் சொன்னான்.

ஆனி பிறந்தது. பாலக்காட்டுக் காற்று வந்துவிட்டது.
பொழுதுக்கு ஆகாத கொட்டகை
காற்றுக்கு ஆகும் போலிருக்கிறது:
மேற்கே நுழைந்து கிழக்கே போகிறது,
மூக்கைப் பொத்த வேண்டியதில்லை.
போரில் கடைசி வரிசை மிச்சம்.
கேட்டால் மாட்டுக்கு என்பாள்.
கேட்கவில்லை.

ஆனால் ஐப்பசியில் காற்று திரும்பும்.
ஐயாயிரம் கோழியின் வாடை
வேலி தாண்டி,
நேராக அவள் அடுப்படிக்குப் போகும்.
அதற்கு நான்
எந்தச் சந்தில் எதைப் போர் போடுவது?