குசினி வாசல் வரைக்கும்

ஏறாவூரில் ஒரு கலியாண வீடு.
பொம்பளைப் பக்கம் நான் ஒருத்திதான் கமரா.
தம்பி லைட்டையும் ஸ்டாண்டையும் கேற்றடியில் இறக்கிவிட்டு
ஓட்டோவுக்குள்ளேயே இருந்துகொண்டான்.

கூரை தகரம். அண்ணாந்து அடித்தால்
ஒளி மேலே போய்க்
கோடு கோடாகக் கிழிந்து திரும்பும்.
சுவரோ பச்சை. கிட்ட நிறுத்தினால்
மணமகளின் கன்னத்தில் பாசி பிடிக்கும்.
இரண்டு வெள்ளை விரிப்புக் கேட்டேன்.
ஒன்றில் யாரோ பிள்ளை சிந்திய பிளேன்ரீ.
காணும், கறையுள்ள பக்கத்தைச் சுவருக்குக் காட்டினேன்.

ஷட்டர் இந்த அறைக்குச் சொந்தம்.
கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடக்கிறதோ
அவ்வளவுக்குத்தான் சீரியல் பல்புகள் உள்ளே வரும்.
பிளாஷுக்கு அந்தக் கணக்கில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றாமல்
தலையைக் காட்டிவிட்டுப் போகிற விருந்தாளி அது.
அதை அடக்க இரண்டே வழி,
துளையைச் சுருக்கு, அல்லது தூரத்தில் வை.
இருநூறைத் தாண்டினால்
படத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டி விழும்,
ஆம்பிளைச் சத்தம் கேட்டு
யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டதுபோல.

மர்ளியாவின் சேலை பால் நிறம்.
முதல் படத்தைப் பார்க்கிறேன்:
வெந்துபோன இடமெல்லாம் கறுப்பாகக் கண் சிமிட்டுது.
சரிகை, பதக்கம், மூக்கு நுனி.
ஒரு படி குறைத்தேன்.
"ஏன் மகள் குறைக்கிறீங்க?
புள்ள கொஞ்சம் வெள்ளையா விழட்டுமே."
வெள்ளையா விழுந்தா பூவேலை ஒண்டும் தெரியாது உம்மா,
எண்பதாயிரம் ரூபாச் சேலை, என்றேன்.
அதற்குப் பிறகு அவ லைட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

பிறகு குடும்பப் படம்.
பதினொரு பேர். லைட் இடப்பக்கம்,
மர்ளியாவுக்கு நாலடியில்.
வலப்பக்கக் கடைசியில், லைட்டிலிருந்து எட்டடியில்,
ராத்தா ஹிதாயா, கடும் நீல அபாயாவில்.
அடித்தேன்.
மர்ளியா அளவாக. மாமி அரைவாசி.
ஹிதாயா நின்ற இடத்தில்
மூக்குக்கண்ணாடி மட்டும் நின்றது.

இரண்டு மடங்கு தூரம், காற்பங்கு வெளிச்சம்.
ஒளிக்கு ஓரவஞ்சனை இல்லை,
கிட்ட நிற்பவளுக்கு முதலில் கொடுத்துவிடும், அவ்வளவுதான்.
"கொஞ்சம் முன்னுக்கு வாங்க ராத்தா."
"இல்ல, நான் இருட்டில நிண்டாலும் பறவால்ல."
இரண்டு வருசமாக அந்த வீட்டுக்குத்
திரும்பி வந்திருப்பவ என்று
பிறகுதான் யாரோ காதில் சொன்னார்கள்.

அவவை நகர்த்த முடியாது. லைட்டை நகர்த்தினேன்.
பிரியாணிச் சட்டிகளைத் தாண்டிக் குசினி வாசல் வரைக்கும்.
இப்போது மர்ளியாவுக்குப் பன்னிரண்டடி,
ஹிதாயாவுக்குப் பதினைந்து.
பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடையில்
பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.
மீற்றரை ஒவ்வொரு நாடியாகக் கொண்டுபோய்ப் பிடித்தேன்.
ஐந்து புள்ளி ஆறு. ஐந்து புள்ளி ஆறு.
ஹிதாயாவின் நாடியில் நாலரை.
போதும்.

ஆனால் மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்பது மடங்கு வலு.
லைட் முழுசாக நிரம்ப வேணும்,
கரண்டோ குறைச்சல், பின்வளவில் மோட்டர் ஓடுது.
ஒவ்வொரு அடிக்கும் ஏழு செக்கன்.
பதினொரு பெண்கள் 'பீப்' சத்தத்துக்காகக்
கண் வெட்டாமல் காத்து நிற்கிறார்கள்.

நாலாவது செக்கனில்
மர்ளியா முன்னால் பார்த்தபடியே
உதட்டை அசைக்காமல் என்னவோ சொன்னாள்.
ஹிதாயா வெடித்துச் சிரித்தா.
கையால் வாயைப் பொத்த முதல்
நான் அழுத்திவிட்டேன்.
லைட் இன்னும் நிரம்பவில்லை.

இரண்டு படி குறைவு.
பத்து முகம் மண்ணெண்ணெய் விளக்குக் காலத்தில்,
பதினொராவது முகம் பற்கள்.
அடுத்த பீப்புக்கு எல்லாரும் ஒழுங்காக நின்றார்கள்,
எல்லாரும் அளவாக விழுந்தார்கள்,
உம்மா அல்பத்துக்கு அதைத்தான் தெரிந்தா.

வீட்டில் அந்த இருட்டுப் படத்தைத்
தூக்கித் தூக்கிப் பார்த்தேன். குருநொய்போலப் புள்ளி கிளம்புது.
பாதியில் விட்டேன்.
இரவு பத்தரைக்கு வட்ஸ்அப்பில் புது நம்பர்:
"நான் சிரிச்சது விழுந்திச்சா?"

அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடு. வேறொன்றும் வரவில்லை.
வெள்ளிக்கிழமை ஓட்டமாவடியில் ஒரு வலிமா.
அந்த வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்க வேணும்.