மூன்று பூஜ்யங்கள்

காலை எட்டரை.
நாகலூர் எஸ்டேட் ஆபீசின் பின்புறம்
கம்பி வேலிக்குள் மழைமானி.
புனலைத் தூக்கினால் உள்ளே
பெரும்பாலும் சில்வர் ஓக் சருகு,
சில நாள் எறும்பு,
எப்போதாவது வானம்.

அளந்து எழுதுவேன்:
0.0
0.0
2.4
0.0
பிறகு மிளகுக்கொடி மேட்டில் ஏறி
போனைத் தலைக்குமேல் பிடித்து அனுப்புவேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதிவாக்கில்
உலகம் என் திரைக்கு வந்துசேரும்.
பசிபிக்கின் நடுவயிறு
வழக்கத்தைவிட 0.7 டிகிரி கூடுதல்.
புறங்கை வைத்துப் பார்த்தால் தெரியாத ஜுரம்.
கிழக்கிலிருந்து வீசவேண்டிய காற்று சோம்பிக் கிடக்கிறது.
நம் பக்கத்துக் கடல் இரு தட்டும் சமன்.
எல் நினோவுக்கு
அறுபத்திரண்டு சதவீத வாய்ப்பு.

"மிச்சம் முப்பத்தெட்டுலதாம்மா நாம குடியிருக்கோம்"
என்பார் ஸ்டோர் தீர்த்தகிரி.
முதலாளிக்கு வேண்டியது ஒரு வரி:
பூமழை வருமா,
இல்லை பம்புக்கு டீசல் வாங்கவா?
மொட்டுகள் காம்போடு ஒட்டி
அரிசி முனையளவில் நின்றுவிட்டன.
கடலை நான் பார்த்தது ஒரேமுறை,
வேளாங்கண்ணியில், கணுக்கால் வரை.
அதை வைத்து என்ன சொல்ல?

மார்ச்சில் தங்கை ஜெசிந்தாவுக்கு வலி எடுத்தது.
இருபது கொண்டை ஊசியும் இறங்கி
சேலம் ஜி.எச். வராந்தாவில் மூன்று நாள்.
கீழே முப்பத்தொன்பது டிகிரி,
மேகத்தின் ஒரு நூல்கூட இல்லை.
பையன் புதன் இரவு பிறந்தான்.
இரண்டு கிலோ நானூறு.
தராசில் இரண்டுமுறை வைத்துத்தான் நர்ஸ் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை திரும்பினேன்.
குரங்கு கவிழ்த்த குடுவை
வேலியோரம் மல்லாந்து கிடந்தது,
உள்ளே காய்ந்து.
யாரிடமாவது கேட்டிருக்கலாம்.
கேட்டால், இல்லாமல் போனது தெரிந்துவிடும்.
மலையும் சேலம் மாதிரிதானே இருந்திருக்கும் என்று
பேனாவை எடுத்து,
புதன் காலை முதல் வெள்ளி வரை
மூன்று பூஜ்யம்.
உருட்டி, அழகாக,
எல்லாம் ஒரே மையில்.

தவக்காலம்.
பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்
மாமியாரோடு சண்டை போட்டதைச் சொன்னேன்.
இதைச் சொல்லவில்லை.
இது பாவக்கணக்கில் எந்தப் பத்தியில் வரும்
என்றும் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியும் முன்
வாசனை எழுப்பியது.
ஜன்னலைத் திறந்தால்
சரிவு முழுக்க வெள்ளை.
ஒரு செடிகூட விடாமல்
கொத்துக் கொத்தாகக் காப்பிப் பூ.
நல்ல மழைக்கு ஒன்பதாம் நாள் இது பூக்கும்.
விரல் விட்டுப் பின்னோக்கி எண்ணினேன்.
வியாழன், புதன், செவ்வாய்...
புதன் இரவில் போய் நின்றது விரல்.

"பின்னே? அன்னிக்குக் கொட்டுச்சே," என்றார் தீர்த்தகிரி,
"டிவி சத்தமே கேக்கல."
எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்?
அவர் யோசித்தார்.
"தகரம் அதிர்ற அளவு."

ஏப்ரல் பத்தாம் தேதி வரைபடம் வந்தது.
சேர்வராயன்மேல் ஒரு சின்னச் சதுரம், பழுப்பு.
சராசரிக்கும் கீழ்.
ஆப்பிரிக்கா பழுப்பு, ஆஸ்திரேலியா பழுப்பு,
அவர்களுடையது எப்படியோ எனக்குத் தெரியாது.
இந்தப் பழுப்பு நான் தீட்டியது.
எங்கோ ஒரு கணினி
அடுத்த மாதத்தை ஊகிக்கும்போது
என் மூன்று பூஜ்யங்களையும்
நம்பிக் கூட்டிக்கொள்ளும்.

தகரம் அதிர்ந்ததை எண்ணாக்க முடியாது.
இருபத்தைந்து என்று போட்டால்
பொய்க்குப் பதில் இன்னொரு பொய்.
சிவப்பு மையால் மூன்றையும் அடித்து
பக்கத்தில் எழுதினேன்:
அளக்கப்படவில்லை.
கீழே என் முழுப்பெயர், அமலோற்பவம்.
மேட்டில் ஏறி அனுப்பினேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
அதுதான் கொஞ்சம் வலித்தது.

மே மாதம் அந்தச் சதுரம்
சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது.
எங்களைப்பற்றி உலகத்துக்குத் தெரியாது
என்பதற்கான நிறம் அது.
பூ உதிர்ந்த இடத்தில்
பச்சையாக, கடுகளவு,
பிஞ்சு பிடித்திருக்கிறது.
பசிபிக் இன்னும் 0.1 ஏறியிருக்கிறதாம்.

மணி எட்டு இருபத்தெட்டு.
புனலின் மேல் இப்போது ஒரு கல் வைத்திருக்கிறேன்.
குரங்கு அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது.